புரையோடிய புண்ணுக்கு வாய் சாட்சி ஆகாது

"புரையோடிப்போன" என்ற சொல்லை லஞ்சத்துக்கும் கட்சி அரசியலுக்கும் எழுதி எழுதியே நம் பத்திரிகைகள் தேய்த்துவிட்டன. முதலில் அது ஒரு புண்ணைப் பற்றிய சொல். மேலே மிளகளவு ஒரு துவாரம் இருக்கும். உள்ளே சதையைக் குடைந்துகொண்டு ஒரு குழல் ஓடும். அதன் மறுமுனை குடலிலோ ஆசனவாய்க்குள்ளோ மூத்திரப்பையிலோ திறந்திருக்கும். டாக்டர்கள் ஃபிஸ்டுலா என்கிறார்கள். ஆசனவாயை ஒட்டி வந்தால் ஊரறிந்த பெயர் பவுத்திரம். மூலம், பவுத்திரம், விரைவீக்கம் மூன்றையும் ஒரே வரியில் அடுக்கி, ஆபரேஷன் இல்லாமல் குணமாக்குவதாகச் சொல்லும் விளம்பரம் ஒட்டாத பேருந்து நிலையம் தமிழ்நாட்டில் குறைவு; காஞ்சிபுரமும் விலக்கல்ல. குணம் என்று அந்த விளம்பரம் எதைச் சொல்கிறது? கசிவு நின்று வாய் மூடுவதை. வீட்டிலும் அதே கணக்குத்தான்: "மூடிக்கிச்சு, இனிமே பயமில்ல." ஆஸ்பத்திரி வார்டிலும் பல நேரம் வேறு கணக்கு இல்லை, டிரெஸ்ஸிங் காய்ந்திருந்தால் கேஸ் ஷீட்டில் காயம் ஆறிவருவதாக ஒரு வரி ஏறிவிடும். சுவரொட்டிக்காரரும் குடும்பத்தாரும் வார்டும் ஒத்துப்போகிற விஷயங்கள் அபூர்வம். ஒத்துப்போகிற இந்த ஒன்றில் மூவருமே தவறுகிறார்கள். புரையோடிய புண் ஆறியதா என்பதற்கு அதன் வாய் சாட்சி ஆகாது. அந்தச் சாட்சியை நம்பி வழக்கை முடித்துவிடுவதால்தான் அதே ஆள், அதே இடத்து வலியோடு, மறுபடி ஓபி வரிசையில் நிற்கிறார்.

காரணம் தோலின் குணம். சாதாரண வெட்டுக்காயத்தில் அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து மேலே வரும், கடைசியில் தோல் மூடும். புரைக்குழலில் இந்த வரிசை குலைகிறது. வெளித்துவாரம் சிறியது, தோல் கடக்க வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர்தான். குழலின் நீளமோ பல சென்டிமீட்டர், அதற்குள் கிருமியும் மலக்கசிவும். தோல் முந்திக்கொள்கிறது. வாய் கட்டிய பானைக்குள் புளிப்பது போல உள்ளே சீழ் சேர்கிறது. சில வாரமோ சில மாதமோ கழித்து, காய்ச்சலோடு பழைய வாயைத் திறந்துகொண்டு வரும். இல்லாவிட்டால் பக்கத்தில் புதுவழி வெட்டிக்கொள்ளும், ஒரு வாய் இருந்த இடத்தில் இரண்டாகும். பவுத்திரத்தின் வேர் பெரும்பாலும் ஆசனவாயின் உட்சுவரில் இருக்கும் சிறு சுரப்பிகளில் ஏற்பட்ட தொற்று என்பதை ஆலன் பார்க்ஸ் 1961இலேயே விளக்கிவிட்டார். அந்த உள்வாய் அடைபடாதவரை வெளிவாய் மூடுவதற்குப் பொருளில்லை. இதற்கு நேரெதிரான ஏமாற்று ஒன்றும் உண்டு. நாள்பட்ட குழலின் உட்சுவரிலேயே தோல் படர்ந்துவிடும். அப்போது வலி இருக்காது, சீழும் அதிகம் வராது, பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் தோல் போர்த்திய இரண்டு சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. சின்ன வயதில் குத்திய காது கம்மல் போடாமலே கிடந்தாலும் தூர்ந்துபோகாமல் இருப்பது இதனால்தான். சத்தமில்லாமல் கிடக்கும் குழலை ஆறும் குழல் என்று நினைத்துக்கொள்வது எளிது.

இதைப் பாமர நம்பிக்கை என்று ஒதுக்கினால் மருத்துவத்துக்குச் சலுகை காட்டியதாகிவிடும். குரோன் என்னும் குடல் அழற்சி நோயோடு வரும் ஃபிஸ்டுலாவுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தைச் சோதித்து 1999இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் 94 பேர் இருந்தார்கள். விரலால் மெல்ல அழுத்தினால் கசிகிறதா என்பதே அங்கே அளவுகோல். குறைந்தது 4 வார இடைவெளியில் அடுத்தடுத்து இருமுறை பார்த்தும் எந்த வாயும் கசியாவிட்டால் முழுவதும் மூடியதாகக் கணக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் பெற்றவர்களில் 55 சதவீதம் பேரும், மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் 13 சதவீதம் பேரும் தேறினார்கள். மருந்து வேலை செய்தது, அதில் ஐயமில்லை. ஆனால் 2003இல் பெல்ஜிய மருத்துவர்கள், அதே மருந்தால் வெளியே குணம் தெரிந்தவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது பலருக்கு உள்ளே குழல் அப்படியே கிடந்தது, அழற்சியும் மிச்சமிருந்தது. வாய் மூடியது ஒரு முடிவு, குழல் ஆறியது வேறொரு முடிவு என்று பிரித்து எழுதும் பழக்கம் அதன்பின் ஆய்வுகளில் வலுத்தது. ஆய்வாளர்கள் 20 ஆண்டுகளுக்கு முன்பே திருத்திக்கொண்ட கணக்கைத்தான் நாம் இன்னும் பழையபடி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கருவியைக் கையில் எடுத்தால் மட்டும் பிழை தீர்ந்துவிடாது. எந்தப் புண்ணுக்கு எந்தக் கருவி என்பதும் தெரிய வேண்டும். படுக்கைப்புண்ணை மதிப்பிட 'புஷ்' என்றொரு மதிப்பெண் முறை செவிலியரிடையே புழங்குகிறது. நீளத்தை அகலத்தால் பெருக்கி வரும் பரப்புக்கு 10 வரை, கசிவுக்கு 3 வரை, திசுவின் நிலைக்கு 4 வரை, ஆகமொத்தம் 17. மதிப்பெண் இறங்க இறங்கப் புண் ஆறுகிறது என்று பொருள். படுக்கைப்புண்ணுக்கு அருமையான முறை. அதையே ஒரு புரைக்குழலின் வாயில் வைத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம். பரப்புக்கு 1 மதிப்பெண். இலேசான கசிவுக்கு 1. ஓரத்தில் தோல் படர்ந்திருப்பதால் திசுவுக்கு 1. மொத்தம் 3. உள்ளே 6 சென்டிமீட்டர் குழல் இரண்டாகக் கிளைத்துக் கிடந்தாலும் இதே 3தான். ஆழத்தைக் கேட்கத் தெரியாத படிவம் அது. அதன் மேல் குற்றமில்லை, அதை இங்கே கொண்டுவந்து வைத்தவர் மேல்தான் குற்றம்.

மற்ற ஊர்களைவிட காஞ்சிபுரத்தில் இந்த வாதம் எளிதில் புரிய வேண்டும். பட்டு எடுக்க வருபவர் முந்தானையில் மயங்கினாலும், சேலையைப் புரட்டிக் கோர்வையின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கருவியில் வைத்துச் சோதிக்கிற ஊர் இது. இழையை எண்ணிப் பிழைக்கும் ஊருக்கு, புண்ணையும் இழையால் அளக்கலாம் என்பது வியப்பாக இராது. அந்த முறை நம்மிடம் பழையது. சித்த மருத்துவத்தில் காரநூல், ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம். சுசுருதர் பெயரால் வழங்கும் நூலில் சொல்லப்பட்டதை, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி.ஜே. தேஷ்பாண்டே 1960களில் மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காரநூல் சிகிச்சை உண்டு. அந்தத் தாம்பரமே 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம்தான். லினன் நூலில் இலைக்கள்ளிப் பாலை 11 முறை பூசி உலர்த்துகிறார்கள்; அதன்மேல் கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரமும் 7 முறை; கள்ளிப்பாலும் மஞ்சள்தூளும் 3 முறை; ஆக 21 பூச்சு. இந்த நூலைக் குழல் வழியே விட்டு இரு முனைகளையும் வெளியே முடிந்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை பழைய நூலோடு புதுநூலை முடிந்து இழுத்து மாற்றுகிறார்கள். எடுத்த நூலைத் தூக்கிப்போடுவதில்லை, அளக்கிறார்கள். போன வாரம் 7 சென்டிமீட்டர், இந்த வாரம் 6. ஒரு சென்டிமீட்டர் அறுபட எத்தனை நாள் ஆயிற்று என்பதே இந்தச் சிகிச்சையின் அளவுகோல்.

அது அறுப்பின் அளவே தவிர ஆறுதலின் அளவு ஆகுமா என்று ஒரு அறுவை மருத்துவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. நூல் சதையை மெல்ல அறுத்துக்கொண்டு வெளியே வர, அது விட்டுவந்த இடம் உள்ளிருந்து ஆறிக்கொண்டு வருகிறது. ஆகவே மிஞ்சிய நூலின் நீளம், மிஞ்சிய குழலின் நீளம். நூல் அறுந்து விழுந்த பிறகு எஞ்சும் புண்ணை வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது வேறு: இந்த முறை வெளிவாயை மூட விடுவதே இல்லை. எல்லோரும் ஆவலோடு காத்திருக்கும் அந்த அடையாளத்தை வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் 502 பேரிடம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு, நூலையும் அறுவையையும் நேருக்கு நேர் நிறுத்தியது. அறுவை செய்தவர்களுக்குப் புண் ஆற ஏறக்குறைய 4 வாரம், நூல் கட்டியவர்களுக்கு 8 வாரம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் திரும்பி வந்தது அறுவையில் 11 சதவீதம், நூலில் 4 சதவீதம். வாய் மூடிய நாளை வைத்துப் பரிசு கொடுத்தால் கத்திக்கு, ஓராண்டை வைத்துக் கொடுத்தால் நூலுக்கு. எதை ஆறுதல் என்கிறோம் என்பதைப் பொறுத்து வென்றவரே மாறிவிடுகிறார். (இதைப் படித்துவிட்டுச் சுவரொட்டி எண்ணுக்குப் போன் போட வேண்டாம். கிளைத்த குழலையும் காசநோயால் வந்த குழலையும் புற்றுநோயையும் தெரியாத கையில் இருக்கும் நூல் பிரித்துப் பார்க்காது.)

வயிற்று அறுவைக்குப் பின் குடலில் போட்ட ஒட்டு விட்டுப்போய், குடல்நீர் வயிற்றுத்தோல் வழியே வெளியே வரும் ஃபிஸ்டுலாவில் இந்தத் தவறு உயிரோடு விளையாடும். 1960இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையிலிருந்து எட்மண்ட்ஸ், வில்லியம்ஸ், வெல்ச் மூவரும் வெளியிட்ட கணக்கில் இத்தகைய நோயாளிகளில் 43 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். நீரும் உப்பும் வடிந்துபோனது, சத்துக் குறைந்தது, உள்ளே சீழ் பரவியது ஆகிய மூன்றும்தான் கொன்றவை. வயிற்றில் ஓட்டை இருந்தது மட்டும் யாரையும் கொல்லவில்லை. அதனால் இங்கே ஆறுதலை அளப்பது என்றால் இந்த மூன்றையும் அளப்பது. 24 மணி நேரக் கசிவு 200 மில்லிக்குக் கீழே இருந்தால் குறைவு, 500க்கு மேல் போனால் அதிகம் என்று பாகுபாடு உண்டு. பல வார்டுகளில் இந்த எண் கிடைக்காது. "டிரெஸ்ஸிங் 4 முறை மாற்றப்பட்டது" என்று மட்டும் இருக்கும். உலர்ந்த காஸ் கட்டு 30 கிராம், எடுக்கும்போது 150 கிராம் என்றால் அதில் ஏறியது 120 கிராம், அதாவது 120 மில்லி. நான்கு கட்டுக்கு 480. கிட்டத்தட்ட அரை லிட்டர் உடம்பிலிருந்து போயிருக்கிறது, சார்ட்டில் அது நான்கு பஞ்சுக்கட்டாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கு ஈடாக எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தராசு போதும், இந்தக் குருட்டுத்தனம் போய்விடும். தோலோடு சரியாகப் பொருந்தும் பை கட்டினால் இன்னும் நல்லது. அளவும் கிடைக்கும், குடல்நீரின் செரிமானச் சாறுகள் சுற்றுத்தோலைத் தின்பதும் நிற்கும்.

அந்த எண் கிடைத்தாலும் அது மட்டும் பேசாது. கசிவு 600லிருந்து 150க்கு இறங்கியது என்றவுடன் ரவுண்ட்ஸில் முகங்கள் மலரும். நோயாளி இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லையா? பை ஒழுகி மெத்தை நனைந்ததா? குடல்சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி தொடங்கினார்களா? மூன்றிலும் எண் இறங்கும், ஓட்டை அப்படியே இருக்கும். இதைவிட அபாயமானது, நேற்றுவரை ஊற்றிக்கொண்டிருந்த கசிவு இன்று காலை திடீரென்று நின்றுவிடுவது. படிப்படியாக வற்றுவது நல்ல குறி. ஒரே நாளில் வற்றி, கூடவே காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால் நீர் வெளியே வருவதை விட்டு உள்ளே தேங்குகிறது என்று பொருள். "நின்னுடுச்சு" என்று வீட்டார் சந்தோஷப்படும் அந்த மணி நேரத்தில்தான் டாக்டருக்குப் போன் போக வேண்டும். தானாக மூடக்கூடிய சிறுகுடல் ஃபிஸ்டுலாக்களில் பெரும்பாலானவை, தொற்று அடங்கிய பிறகு ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் மூடிவிடுகின்றன. அதற்கு மேலும் அசையாமல் நின்றால் காத்திருப்பது வீண். உள்ளே அந்நியப் பொருள் ஏதும் இருக்கிறதா, கதிர்வீச்சு பட்ட இடமா, தொற்று மிச்சமா, குழலில் தோல் படர்ந்ததா, புற்றா, கீழ்க்குடலில் அடைப்பா என்று தேட வேண்டும்.

கதிர்வீச்சு என்றதும் காஞ்சிபுரத்தில் காரப்பேட்டை நினைவுக்கு வரும். இந்த ஊரில் பிறந்த அண்ணா புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தார். அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு உயிர்காக்கும் சிகிச்சை. மிகச் சிலருக்கு, சிகிச்சை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, மூத்திரப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்து சிறுநீர் ஓயாமல் ஒழுகும். கதிர் பட்ட திசுவில் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுவதால் அது தானாக ஆறுவது அரிது. புற்று திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். அந்தப் பெண்ணிடம் "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் "பரவால்ல, முன்னெல்லாம் ஆறு துணி மாத்துவேன், இப்ப மூணுதான்" என்பார். கேட்டவர் முன்னேற்றம் என்று குறித்துக்கொள்வார். அவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு தண்ணீர் குடிக்கிறீர்கள்? துணி நனையக் கூடாது, நாற்றம் வரக் கூடாது, கல்யாண வீட்டுக்குப் போக முடியவில்லை என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. துணி பாதியானது துளை சிறுத்ததால் இல்லை, தாகத்தை அடக்கியதால். குறைந்த தண்ணீரில் சிறுநீர் தடித்துத் தோலை இன்னும் எரிக்கும். உள்ளே போனதை எழுதாமல் வெளியே வந்ததை மட்டும் எழுதும் எந்தக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும்.

நோயாளிக்கு வேண்டியது காய்ந்த துணியும் வலியில்லாத தூக்கமும்தான், உள்ளே குழல் இருந்தால் என்ன என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். இதில் பாதிக்குமேல் உண்மை. தேறாத புற்றுநோயில் ஃபிஸ்டுலாவை மூடுவது நோக்கமே அல்ல. நாற்றத்தை அடக்கி, தோலைக் காத்து, மனிதரைக் கூச்சமில்லாமல் நாலு பேரோடு உட்கார வைப்பதுதான் வெற்றி. அங்கே அளக்க வேண்டியதும் அதுதான். ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து சேலைக்குச் சேலை கூலி வாங்கும் நெசவாளிக்கு இந்த வாதம் பொருந்தாது. பாவு ஏறிய தறி காத்திருக்கிறது என்பதால் வாய் மூடிய மறுநாளே குழியில் இறங்குகிறார். இரண்டு மாதம் கழித்துச் சீழ்க்கட்டியோடு எழும்போது, முதலில் தவறவிட்ட கூலியைவிட அதிகம் போயிருக்கும். காய்ந்த துணி அவருக்கு ஆறுதல் தந்தது, தகவல் தரவில்லை.

எல்லோருக்கும் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். நேர்க்குழலாக, மேலோட்டமாக இருக்கும் பவுத்திரத்துக்குத் தேறிய விரலே நிறையச் சொல்லும். தோலுக்கடியில் கயிறு போலத் தட்டுப்படுவது மெலிகிறதா, அழுத்தினால் வலிக்கிறதா என்பதைப் பதிவு செய்தால் போதும். கிளைத்ததற்கும் திரும்பி வந்ததற்கும் ஸ்கேனை வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் மலிவு: அளவுக்குவளை, தராசு, அளவுநாடா, எடை பார்க்கும் எந்திரம், ஒளி ஊடுருவும் தாளில் வாயின் வடிவத்தை வரைந்து தேதியிட ஒரு பேனா. பற்றாக்குறை பொருளில் இல்லை, அளப்பது யாருடைய வேலை என்பதில் இருக்கிறது. டிரெஸ்ஸிங் கட்டுவதைக் கடைநிலை வேலையாக நினைத்து, யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவரிடம் தள்ளிவிடுகிறோம். திங்கட்கிழமை ஒருவர், புதன்கிழமை இன்னொருவர். ஒரே கண் தொடர்ந்து பார்க்காத புண்ணில் மாற்றம் என்ற ஒன்றைக் காண முடியாது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் 1958இல் இந்த வேலைக்கென்று தனியாக ஒருவரை வைத்தார். அவர் பெயர் நார்மா கில். செவிலியப் பட்டம் பெற்றவர் அல்ல. டர்ன்புல்லிடமே அறுவை செய்துகொண்டு வயிற்றில் பையோடு வாழ்ந்தவர். ஸ்டோமா எனப்படும் அந்த வயிற்றுவாய், ஃபிஸ்டுலா இவற்றின் பராமரிப்பு தனித்துறையாக வளர்ந்தது அங்கிருந்துதான். அந்தப் பயிற்சி இந்தியாவுக்கும் வந்து நாளாகிவிட்டது, மாவட்ட அளவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு செவிலியருக்கு இத்தனை படுக்கை என்ற நிலையில் காஸை நிறுத்துப் பார்க்க நேரமேது என்று செவிலியர்களே கேட்பார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் அளக்காததால் நேரம் மிச்சமாவதில்லை. ஒழுகும் பையை ஒரு ஷிஃப்டில் ஐந்து முறை மாற்றுவதும், வெந்துபோன தோலுக்கு மருந்து போடுவதும், ஆறியதாக அனுப்பியவரை மறுபடி சேர்ப்பதும் அதே செவிலியரின் நேரம்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியர் வீட்டுக்கே போகிறார். அவர் பையில் ஒரு தராசும் தேதியிட்ட தாளும் சேர்ந்தால், வீட்டில் புண்ணைத் துடைக்கும் மனைவியோ மகளோ எடையைக் குறித்துவைக்க ஒரு வாரத்தில் பழகிவிடுவார். அரைக் கிராம் ஜரிகைக்குக் கணக்குக் கேட்கும் குடும்பங்களுக்கு இது புதிய வித்தை இல்லை.

இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டே போனால் ஆறிவிட்டது என்று எப்போதுதான் சொல்வது? சொல்லலாம். குடல் ஃபிஸ்டுலா என்றால், வழக்கமான சாப்பாடு சாப்பிட்டும் கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை, எடை ஏறுகிறது என்றிருக்க வேண்டும். பவுத்திரம் என்றால், வாய் காய்ந்து, விரலுக்குக் கெட்டியோ வலியோ தட்டுப்படாமல் ஓராண்டு போக வேண்டும். அதற்குள் ஆறாமல் நின்றால் திசுவைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். சர்க்கரையைப் பார்க்க வேண்டும். அதுவரை டிஸ்சார்ஜ் சீட்டில் "காயம் ஆறியது" என்று எழுதுவதற்குப் பதில் மூன்று வரி எழுதலாம். வெளிவாய் மூடியது: இன்ன தேதி. உட்குழல்: இன்னும் உறுதியாகவில்லை. அடுத்து அளக்க வேண்டிய நாள்: என்று போட்டு, அந்த இடத்தைக் காலியாக விடாமல் ஒரு தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும்.